கலஹா லொறிக்குப் போட்ட பின்அச்சு

நான் வேலை செய்த கராஜுக்கு இப்போது லொறியின் பின்அச்சு மரப்பெட்டிக்குள் வைக்கோல் சுற்றி வருகிறது. பெட்டியில் ஒரு நம்பர் இருக்கிறது. அதே நம்பர் தடித்த புத்தகம் ஒன்றிலும் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் பாதி வேலை முடிந்தது; மற்றப் பாதிக்கு முன்னால் எல்லோரும் பிளேன்டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். போன மாதம் கண்டிக்குப் போன வழியில் அங்கே எட்டிப் பார்த்தேன். நான் ஓய்வு பெற்றபோது எனக்கு மாலை போட்ட மெக்கானிக் ஒருவர் கதிரை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, "நம்பரே இல்லாத காலத்துல எப்படிங்கய்யா ஒரு பழைய லொறிக்கு அச்சுத் தேடி எடுத்தீங்க? அதை எழுதி வைங்களேன்" என்று கேட்டார். அவர் ஆசையாகத்தான் கேட்டார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அந்தக் காலத்து ஆட்கள் பார்த்த பார்வையிலேயே எல்லாம் அறிந்தார்கள் என்று நான் பெருமையடிப்பேன் என அவர் எதிர்பார்த்திருந்தால் ஏமாந்து போவார். நாங்கள் அறிந்துதான் இருந்தோம். அறிந்ததை வைத்து என்ன செய்தோம் என்று சொல்ல வரும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

என் அப்பா பேராதனைக்கும் கலஹாவுக்கும் நடுவில் மாட்டு வண்டி ஓட்டியவர். தேயிலைப் பெட்டிகளை லொறிகள் ஏற்றத் தொடங்கியதும் மாடுகளை விற்றுவிட்டுத் தோட்டத்தில் பேர் பதிந்துகொண்டார். அவர் வாயாரச் சபித்த அந்த லொறிகளிடமே நான் வேலைக்குப் போனேன். மண்ணெண்ணெயில் உருப்படி கழுவினேன், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், டயர் மாற்றினேன், பிரேக்குக்குத் தோல் தைத்தேன். ஏச்சு வாங்கினேன், ஒரு விரல் நகத்தைப் பறிகொடுத்தேன். எல்லோருக்கும் நடப்பதுதான், விரித்துச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் கட்டுகஸ்தோட்டை வீதிக் கராஜில் என்னைப் பின்அச்சு வேலைக்கு நிறுத்தினார்கள். நிறுத்தியவர் நாகலிங்கம் போர்மன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உடம்பு, வெள்ளை டிறில் துணிக் கோட்டு, வியர்வை படாமல் கழுத்துக்கும் கொலருக்கும் நடுவில் மடித்து வைத்த கைக்குட்டை. அந்த நாளில் கண்டியில் போர்மன் என்றால் ஸ்பானரை எறிகிறவர், வாயைத் திறந்தால் காது கூசுகிறவர். இவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. யாராவது பிழை செய்தால் பக்கத்தில் வந்து நின்று அந்தப் பிழையைக் கையால் தடவிப் பார்ப்பார். பிறகு "பாப்பம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவார். அந்தப் "பாப்பம்" விழுந்தவனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் யார் வீட்டில் என்ன வருத்தம், யாருக்கு எதில் பயம் என்று கேளாமலே தெரிந்து வைத்திருந்தார். ஒருவன் மனைவிக்குக் காய்ச்சல் என்றால் அவன் வாய் திறக்கும் முன்னால் லீவு கொடுப்பார். நாங்கள் அதை நல்ல மனசு என்று நினைத்தோம். நல்ல மனசும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

அச்சுத் தெரிந்தெடுக்கிற முறையைச் சொல்கிறேன். கேட்டவர் அதைத்தானே கேட்டார்.

முதலாவது, லொறியின் முன்னால் எழுதியிருக்கிற பெயரை நம்பக்கூடாது. அந்தக் காலத்துக் கண்டி லொறிகள் பாதிக்கு மேல் கலப்புச் சாதி. எஞ்சின் ஒரு கம்பனி, கியர்பெட்டி இன்னொரு கம்பனி, சட்டம் யாரோ தோட்டத்துத் துரை விற்றுவிட்டுப் போனது. அதனால் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் உட்காருகிற இரண்டு இடங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று ஒரு மரச்சட்டத்தை வைத்துக் கத்தியால் கீறிக்கொள்வோம். நாடா இழுபடும், சட்டம் இழுபடாது என்பார் போர்மன். அந்தக் கீறல் புது அச்சிலும் வந்து உட்கார வேண்டும். பிறகு பிரேக் டிரம்மின் அகலம், சில்லு மாட்டும் ஆணிகள், உள்ளே ஓடும் தண்டின் நுனியில் வெட்டியிருக்கும் பள்ளங்கள். இவ்வளவும் ஒத்துவந்தால் அச்சு பொருந்தும். அவசரக்காரன் அந்த இடத்தில் நிறுத்திவிடுவான்.

போர்மன் நிறுத்தமாட்டார். அச்சு பொருந்துவது வேறு, உதவுவது வேறு. அச்சின் நடு வயிற்றுக்குள் பெரிய பல்சக்கரம் ஒன்றும் அதைச் சுற்றுகிற சின்னச் சக்கரம் ஒன்றும் இருக்கின்றன. எஞ்சினிலிருந்து வரும் ஷாப்ட் எத்தனை சுற்றுச் சுற்றினால் சில்லு ஒரு சுற்றுச் சுற்றும் என்பதை அவைதான் முடிவு செய்யும். மலை லொறிக்கு ஏழு. தட்டை நாட்டில், குருநாகல் புத்தளம் பக்கம் ஓடுகிற லொறிக்கு ஐந்து. ஏழு என்றால் லொறி மெதுவாகப் போகும், ஆனால் ஏற்றத்தில் இழுக்கும், இறக்கத்தில் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். ஐந்து என்றால் ஓட்டம் நல்லது, பிடிப்புக் கிடையாது. அன்றைய லொறிகளுக்குப் பின்சில்லுகளில் மட்டும்தான் பிரேக். இறக்கத்தில் எஞ்சின் பிடிக்காவிட்டால் பிரேக் எரிந்து போகும்.

கழற்றாமலே அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அச்சை இரண்டு குற்றிகளில் ஏற்றி, ஒரு பக்கத்து டிரம்மைக் கயிற்றால் அசையாமல் கட்ட வேண்டும். மற்றப் பக்கத்து டிரம்மிலும், ஷாப்ட் வந்து பூட்டும் மூக்கிலும் சோக்கட்டியால் ஒவ்வொரு கோடு. டிரம்மை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, மூக்கு எத்தனை சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். ஏன் இரண்டு என்றால், ஒரு பக்கம் கட்டிக்கிடக்கும்போது மற்றப் பக்கம் இரட்டிப்பாய்ச் சுற்றும். இதை மறந்து ஒரே சுற்றில் எண்ணி ஏமாந்தவர்கள் கண்டியில் நிறையப் பேர். நான் சுற்றுவேன், போர்மன் குந்தியிருந்து மூக்கையே பார்ப்பார். எண்ணி முடித்ததும் கைக்குட்டையால் சோக்குக் கோட்டைத் துடைப்பார். அதன் பிறகுதான் முடிவு சொல்வார்.

டிரைவர்மாருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "இது எந்த வண்டியில கழட்டினது?" ஆளைக் கொன்ற லொறியிலிருந்து எடுத்த இரும்பை இன்னொரு லொறிக்குப் போடக்கூடாது, போட்டால் அது மறுபடியும் கேட்கும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் இருந்த பயம். தமிழர், சிங்களவர், சோனக முஸ்லிம்கள் என்று வித்தியாசமில்லை. மார்க்கத்தில் அப்படி ஒன்றும் கிடையாது என்று சொல்லுகிற நாநாமாரும் சொல்லி முடித்துவிட்டு மெதுவாக அதே கேள்வியைக் கேட்பார்கள். போர்மன் இதைக் கேட்டுச் சிரிப்பார். "இரும்புக்கு ஞாபகம் இருக்கோடா?" என்று எங்களிடம் சொல்வார். அந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பதுகளில், ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு காதர் நாநாவின் லொறியை மாடு கட்டி இழுத்து வந்தார்கள். காதர் நாநா திகனையில் கொக்கோவும் புகையிலையும் வாங்கி விற்கிறவர். ஒரு பழைய லொறி வைத்திருந்தார். கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைப் பெட்டிகளைப் பேராதனை ஸ்டேஷனுக்கு இறக்குகிற வேலை அந்த லொறிக்குக் கிடைத்திருந்தது. அதை ஓட்டியவர் மாரிமுத்து, அந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலேயே பிறந்தவர். எனக்கு இரண்டொரு வயது இளையவர், என்னை அண்ணே என்பார். அந்த மலையில் பிறந்தவர்களில் கொழுந்துக் கூடையும் மண் கிளறும் முள்ளும் தொடாமல் ஸ்டியரிங் பிடித்தவர்கள் மிகச் சிலர். அந்த லைசன்சைத் தகரக் குழாயில் போட்டு இடுப்பில் கட்டியிருப்பார். அவருக்கு மட்டுமல்ல, லயத்துக்கே அது ஒரு பெருமை.

அச்சைத் திறந்து பார்த்தோம். பெரிய பல்சக்கரம் இரண்டாகப் பிளந்து, வயிற்றையும் உடைத்திருந்தது. திருத்த வழியில்லை. கராஜின் பின்பக்கம், பழைய இரும்பு போடும் இடத்தில், அளவுக்கு வரக்கூடியவை இரண்டு கிடந்தன. ஒன்று நாவலப்பிட்டிப் பக்கத்து மலை லொறியுடையது. கணக்கு ஏழு, ஆனால் ஸ்பிரிங் உட்காருகிற இடம் ஒன்று உடைந்திருந்தது, கொல்லனிடம் கொடுத்துப் பற்றவைக்க வேண்டும், ஒரு பேரிங்கும் கொழும்பிலிருந்து வர வேண்டும். மற்றது குருநாகல் பக்கம் மரம் ஏற்றிய லொறியுடையது. துரு இல்லை, கீறல் இல்லை, மரச்சட்டத்தை வைத்தால் கத்திக் கோட்டில் அப்படியே வந்து உட்கார்ந்தது. டிரம்மைக் கட்டி மற்றதை இரண்டு சுற்றுச் சுற்றினேன். மூக்கு ஐந்தும் கொஞ்சமும் சுற்றி நின்றது. போர்மன் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையால் கோட்டைத் துடைத்தார்.

அதற்குள் தோட்டத்திலிருந்து ஆள் வந்தாகிவிட்டது. பெட்டிகள் குவிந்து கிடக்கின்றன, துரை கத்துகிறார். அந்தத் தோட்டத்தின் மற்ற எல்லா வண்டிகளின் வேலையும் எங்கள் கராஜுக்குக் கிடைக்கக்கூடிய நேரம் அது. கராஜ் முதலாளி கந்தோரிலிருந்து இரண்டு தரம் வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார். காதர் நாநாவும் வாசலை விட்டு நகரவில்லை. "எனக்கு இன்னம் பொறுக்க ஏலா தம்பி. வேற ஆளுட லொறி வந்தா இந்த வேலை எனக்கு இல்ல" என்று என்னிடமே சொன்னார். போர்மன் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, குருநாகல் அச்சைக் காட்டினார்.

"உது பொருந்துதுதானே. போடு."

மலைக்கு இது ஓட்டம் கூட என்று சொன்னேன். அவருக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் துணிச்சல் வந்தது.

"டிறைவர் கியரைக் குறைச்சு ஓடட்டும்" என்றார். "நீ போடு."

மாரிமுத்து பக்கத்திலேயே நின்றிருந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். போர்மன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. குருநாகல் மரலொறி, ஒருத்தரும் சாகவில்லை, பயப்படாதே என்றார். அது முழு உண்மை. அந்த லொறி சட்டம் முறிந்து நின்றுபோனது. அதைப் பழைய இரும்புக்கு உடைத்தவர்களில் நானும் ஒருவன். மாரிமுத்துவின் முகம் தெளிந்தது. ஒரு எலுமிச்சம்பழத்தைச் சில்லுக்கடியில் வைத்து நசுக்கிக்கொண்டு புறப்பட்டார். புறப்படும் முன்னால் ஓரமாகக் கூப்பிட்டு, இந்த அச்சு முந்தியதைப் போல் பிடிக்காது, மலையிறங்கும்போது ஒன்றாவது கியரை விட்டு மாறவே வேண்டாம் என்று சொன்னேன். சரிண்ணே என்றார். அவர் சொன்னால் செய்கிறவர்.

செய்யத்தான் செய்தார். ஆனால் கியரைக் குறைத்தால் போதும் என்ற பேச்சில் ஒரு ஓட்டை இருந்தது. மலை அச்சு இருந்தபோது இறக்கத்துப் பாரத்தில் பெரும்பங்கை அச்சே தாங்கியது. இந்த அச்சு தாங்காததை எல்லாம் கியர்பெட்டிதான் தாங்க வேண்டும். காதர் நாநாவின் கியர்பெட்டியோ பல் தேய்ந்த கிழடு. அந்தப் பாரத்துக்குத் தேய்ந்த பல் வழுக்கும், கியர் தானாகவே கழன்று விழும். ஒருதரம் கழன்றால், வேகம் எடுத்த வண்டியில் அதைத் திரும்பப் போட அந்த நாளில் எந்தக் கொம்பனாலும் முடியாது. போர்மனுக்கு இதுவும் தெரியும். அந்தக் கியர்பெட்டியை முந்திய வருடம் திறந்து பார்த்து, இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று மூடியவர் அவர்தான்.

கொஞ்ச நாள்தான் ஓடியது. கலஹாவிலிருந்து இறங்குகிற ஒரு வளைவில் கியர் கழன்றது, பிரேக் புகைந்து எரிந்தது, மாரிமுத்து பள்ளத்துக்குப் போகவிடாமல் மண்மேட்டுப் பக்கம் திருப்பினார். லொறி கவிழ்ந்தது. தேயிலைப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து வந்த பெருமாள் அவற்றுக்கடியில் போய்விட்டார். பெருமாள் பெட்டி ஏற்றுகிறவர். மாரிமுத்துவின் மனைவி அஞ்சலைக்குக் கூடப் பிறந்த ஒரே தம்பி. மாரிமுத்துவுக்குக் கால் முறிந்தது.

பொலிஸ் பார்த்தபோது கியர்த்தடி நடுவில் நின்றது. பெற்றோல் மிச்சம் பிடிக்க மலையிறங்கும்போது கியரைக் கழற்றிவிட்டு வருகிற பழக்கம் நிறைய டிரைவர்மாருக்கு இருந்தது. இவனும் அப்படித்தான் வந்தான், ஆளைக் கொன்றான் என்று வழக்கு வைத்தார்கள். அச்சு உடைந்திருந்ததா என்று கராஜில் வந்து விசாரித்தார்கள். உடையவில்லை, நீங்களே பாருங்கள் என்றார் போர்மன். அதிலும் பொய்யில்லை. அச்சு நல்ல திடமாகத்தான் இருந்தது.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கலஹாவுக்குப் போனேன். ஜாமீனில் வந்திருந்த மாரிமுத்து லயக் காம்பராவுக்கு வெளியே சாக்கு விரித்து, கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அஞ்சலை உள்ளே இருந்தாள். சோற்றுத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள், ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி செத்த நாளிலிருந்து இப்படித்தான் என்றார் மாரிமுத்து. ஜெயிலுக்குப் போவதை அவர் பெரிதாகச் சொல்லவில்லை. "நான் கியரக் கழட்டலண்ணே. அத அவ நம்பணும். அது போதும்" என்றார்.

நான் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அச்சின் கதையை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். தரையில் கரியால் சில்லும் ஷாப்டும் வரைந்து, ஏழு என்ன, ஐந்து என்ன, கியர் ஏன் தானாக விழும் என்று காட்டினேன். அஞ்சலை கதவோரத்தில் நின்று கேட்டாள். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. மாரிமுத்துவுக்குப் பாதி புரிந்தது. காதர் நாநா நல்ல மனிதர், வழக்காடத் தன் செலவில் ஒரு புறக்டரை வைத்திருந்தார். நான் போய் அந்தப் புறக்டருக்கும் சொன்னேன். அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். கியர் தானாகக் கழன்றது என்று மாரிமுத்து முதலில் சொல்லட்டும், உடனே உன்னைக் கூண்டில் ஏற்றுகிறேன், அந்த அச்சைக் கோர்ட் வாசலுக்கே கொண்டுவரச் செய்து நீதவானுக்கு முன்னால் நீ சுற்றிக் காட்டு, நீ சாட்சிக்கு வருவதை அதுவரை மாரிமுத்துவிடம்கூடச் சொல்லாதே என்றார். என் வேலை போகும் என்று எனக்குத் தெரியும். போகட்டும் என்றுதான் இருந்தேன். அப்போது எனக்கு இருந்த கோபம் அப்படி.

இந்த ஏற்பாடு போர்மன் காதுக்கு எப்படிப் போனது என்று நான் கடைசிவரை அறியவில்லை. அவர் என்னை மிரட்டவில்லை, "பாப்பம்" என்றுகூடச் சொல்லவில்லை. ஒருநாளும் லீவு எடுக்காத மனிதர் ஒரு நாள் லீவு எடுத்தார். வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கலஹா பஸ்ஸில் ஏறினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். லயத்தில் அவர் சொன்னது என்ன என்று எனக்குக் கோர்ட்டில்தான் தெரிந்தது.

கோர்ட்டில் நான் வெளி விறாந்தையில் நின்றேன். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. கியர் எப்படி நடுவில் வந்தது என்று புறக்டர் மாரிமுத்துவைக் கேட்டார். மாரிமுத்து ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"எசமான், கியர் கதையெல்லாம் வேணாங்க. அது ரத்தம் குடிச்ச இரும்பு. ஆளுங்களோட பள்ளத்துல விழுந்த லொறியில கழட்டினது. எங்களுக்குத் தெரியாமப் போட்டுட்டாங்க. போர்மன் ஐயாவே வீடு தேடி வந்து, எம் பொண்டாட்டி முன்னுக்கு அழுது சொன்னாரு. அந்த இரும்புதான் எம் மச்சினனக் கேட்டு எடுத்துக்கிச்சு."

அதை இங்கிலீஷில் மாற்றிச் சொன்னவருக்கே வாய் கோணியது. பின்னால் உட்கார்ந்திருந்த புறக்டர்மார் சிரித்தார்கள். எங்கள் புறக்டர் மறுபடியும் மறுபடியும் கேட்டுப் பார்த்தார். கியர் தானாக விழுந்ததா, விழுந்ததா என்று. மாரிமுத்து அதைப் பிடித்துக்கொள்ளவே இல்லை. கியர் எப்படி விழுந்தால் என்ன, இழுத்தது இரும்பு என்றார். நாகலிங்கம் போர்மனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் வெள்ளைக் கோட்டில் வந்து, அது குருநாகல் லொறி அச்சு, அந்த லொறியால் ஒருவரும் சாகவில்லை, வருத்தப்பட்ட குடும்பத்தைப் பார்க்கப் போனேன், அவர்கள் ஏதோ தவறாக விளங்கிக்கொண்டார்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நீதவான் தலையாட்டினார். கோர்ட்டையே ஏமாற்றப் பார்த்தவர் ஆகிவிட்டார் மாரிமுத்து. புறக்டர் வெளியே வந்து, இனி உன்னைக் கூப்பிட்டுப் பிரயோசனமில்லை, மாரிமுத்துவே கியர் கதை வேண்டாம் என்கிறான் என்று என்னிடம் சொன்னார். என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை; தீர்ப்புச் சொல்லும்வரை விறாந்தையிலேயே நின்றேன்.

மாரிமுத்துவைப் போகம்பரை ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். லைசன்சைப் பறித்தார்கள். அஞ்சலை கோர்ட் வாசலில் நின்றாள். புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், வண்டி வரை கூடவே போனாள். அதை நான் கண்ணால் பார்த்தேன். ஜெயிலுக்குப் போகிறவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போனேன். போர்மன் வெளியே போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பொறுக்க முடியாமல் நானே பட்டறை மேசைக்கு எதிரில் போய் நின்றேன். இரும்புக்கு ஞாபகம் இருக்கிறதா என்று சிரித்தவர் நீங்கள்தானே என்று கேட்டேன். அவர் கையில் இருந்த பேரிங்கை மெதுவாகச் சுற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

"நீ அவனுக்குக் கணக்குச் சொன்னாய். நான் அவன்ரை பெண்சாதி அவனோடை கதைக்கிறதுக்கு ஒரு வழி சொன்னன். எது வேணுமெண்டு அவன்தான் எடுத்தவன்."

அவ்வளவுதான். இவ்வளவு வருடமாகியும் அந்தப் பதில்தான் என்னை எரிக்கிறது. என் கணக்கு அந்தப் பெண்ணிடம் போய்ச் சேரவில்லை. அவருடைய பொய் போய்ச் சேர்ந்தது. அவர் அதைச் சொன்னது அவளுக்காக அல்ல, தன் கோட்டில் கறை படாமலிருக்க. ஆனாலும் போய்ச் சேர்ந்தது.

அச்சு எங்கே என்று கேட்பீர்கள். வழக்கு முடிந்ததும் கராஜுக்குத் திரும்பி வந்தது. ஒரு வெடிப்புக்கூட இல்லை. போர்மன் அதைக் குற்றியில் ஏற்றச் சொல்லி, என்னை விட்டு வேறொருவரைச் சுற்றச் சொன்னார். குந்தியிருந்து எண்ணினார். கைக்குட்டையால் சோக்குக் கோட்டைத் துடைத்துவிட்டு, இது தட்டை நாட்டுக்குத்தான் சரி என்று புத்தளத்துக்கு உப்பு ஏற்றப் போகிற லொறி ஒன்றுக்குப் போடச் சொன்னார். அந்த முறை மிகச் சரியாகத் தெரிந்தெடுத்தார்.

சில வருடம் கழித்துப் போர்மன் நெஞ்சுவலியில் காலமானார். கண்டியில்தான் தகனம். கராஜ் முழுக்கப் போனோம். நான் கடைசி வரிசையில் நின்றேன். அழுகை வரவில்லை, வரவேண்டும் என்றும் நினைக்கவில்லை. அப்போது ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து மாரிமுத்து வந்தார். தலை நரைத்துவிட்டது. ஜெயிலிலிருந்து வந்து சந்தை வாசலில் வெற்றிலை பாக்கு விற்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன், அந்தப் பக்கம் போகத்தான் எனக்குக் கால் வரவில்லை. கூட அஞ்சலையும் வந்திருந்தாள். இருவரும் ஒரு மாலை கொண்டுவந்திருந்தார்கள். மாரிமுத்து அதைப் போர்மனின் காலடியில் வைத்துவிட்டு, முறிந்த கால் மடங்காமல் பட்ட பாட்டோடு, தரையில் விழுந்து கும்பிட்டார்.

எழுந்து வந்தவர் என்னைக் கண்டுகொண்டார். சந்தோஷமாக என் கையைப் பிடித்தார்.

"எல்லாரும் என்னக் கொலகாரன்னாங்கண்ணே. பொலிசு சொன்னான், துரை சொன்னாரு, இவகூட அப்பிடித்தான் நெனச்சா. இவரு ஒருத்தருதான் வீடு தேடி வந்து உண்மையச் சொன்ன மனுசன்."

அஞ்சலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினாள். கணவனின் தோளில் விழுந்திருந்த மாலை இதழ் ஒன்றை எடுத்துப் போட்டாள். நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். மரச்சட்டத்தின் கீறல், சோக்குக் கோடு, இரண்டு சுற்று, ஐந்தும் கொஞ்சமும் எல்லாம் என் தொண்டைவரை வந்தது.

மாரிமுத்து ஏதோ ஞாபகம் வந்தவர் போல என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு நீங்களும் கோர்ட்டு விறாந்தையில நின்னீங்களேண்ணே. நீங்க எதுக்கு வந்தீங்க?"

"சும்மாதான்" என்றேன். "உங்களப் பாத்துட்டுப் போகலாம்னு."